இருபத்தேழாம் பக்கம்

ஜூலை 24

காலையிலிருந்து காற்று. அமாவாசை, மேல்மலையனூர் பஸ்ஸெல்லாம் பிதுங்கிக்கொண்டு போகிறது. கடையில் கூட்டம் இல்லை. ஆதார் மூன்று, பட்டா ஒன்று. ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது நாவலை முடித்தேன். நானா! நைனா போன பிறகு மூன்று வருஷம் ஒரு பக்கம் ஓடவில்லை. எழுத்து தெரியும், மண்டையில் ஏறாது. இனி படிக்கவே வராது என்று விட்டுவிட்டேன். இந்த மாசம் முதல் தேதி கரண்ட் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, யாரோ பைண்டிங்குக்குக் கொடுத்த கிழிசல் நாவலைப் புரட்டினேன். கரண்ட் வந்ததே தெரியவில்லை. வெளியே ஒருவர், "இன்னாம்மா, கடை உண்டா இல்லியா?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஜூலை 25

வெள்ளி. நூலகம் லீவு. மாவு அரைக்க வேண்டும்.

இந்த மாசம் படித்தவை, ஞாபகத்துக்கு:

கிழிசல் நாவல். கடைசி பத்துப் பக்கம் இல்லை. முடிவை நானே வைத்துக்கொண்டேன்.

கிணறு வெட்டும் கதை. அறுபது பக்கம் வெட்டுகிறார்கள், வேறு ஒன்றும் நடப்பதில்லை. தண்ணீர் வந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்படித்தான் எழுதினாரோ மனுஷன்.

லாரி டிரைவர் குடும்பம், நானூறு பக்கம். அந்த மாமியார் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள், சத்தியமாக.

தீவுக்கதை. பாதி புரியவில்லை. ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை.

துப்பறியும் நாவல். நூற்றெண்பது பக்கம் ஓடிய பிறகு எதற்கோ முன்னால் புரட்டினால், இருபத்தேழாம் பக்கத்தில் என் குறி. எப்போதோ படித்தது! அப்போதும் கொலைகாரன் யாரென்று ஞாபகம் வரவில்லை. நல்லதாகப் போயிற்று, முழுசும் படித்தேன்.

குறி என்றால், எடுத்ததையே மறுபடி எடுக்காமலிருக்க எங்கள் நூலகத்துப் பழைய ஆட்கள் போட்டுவைக்கும் அடையாளம். ஆளுக்கு ஒரு பக்கம். என்னுடையது இருபத்தேழாம் எண்ணுக்குக் கீழே பென்சிலில் சின்ன வட்டம். பக்கத்தில் ஒரு குட்டிக் கோடு இருந்தால் அது செல்வி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பக்கம். சட்டம் ஒன்று: வட்டமும் கோடும் விழுகிறவரை அந்தப் புத்தகத்தைப் பற்றி இருவரும் மூச்சு விடக் கூடாது. விழுந்துவிட்டால் பேசியே ஆக வேண்டும்.

இந்த மாசம் நூலகத்தில் எடுத்த நாலிலும் அவள் கோடு இருக்கிறது. நான் நிறுத்திவிட்டேன், அவள் நிறுத்தவில்லை.

ஜூலை 27

ஆடி ஞாயிறு. கோயிலில் கூழ். ஸ்பீக்கர் சத்தத்தில் காது போயிற்று.

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். நைனா செத்த மூன்றாம் நாள். சுடுகாட்டில் பால் தெளித்து முடிந்து சொந்தமெல்லாம் கூடத்தில். செல்வி சிங்கவரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து நீட்டினாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"சாவு வூட்டுக்குக் கதை புக்கு எடுத்துக்கினு வருவியா? அறிவு இருக்குதா உனக்கு?"

அத்தனை பேர் முன்னால். அத்தையும் சேர்ந்துகொண்டு பேசினாள். செல்வி புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். காரியத்துக்கு நான் சொல்லியனுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மூன்று வருஷம்.

அந்த அட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது. நீலம், சைக்கிள் படம்.

ஜூலை 28

நூலகர் சார் சலித்துக்கொண்டார். பெயர் தெரியாது, எழுதினவர் தெரியாது, சைக்கிள் என்றால் நான் எங்கே போய்த் தேடுவது என்றார். ஆனாலும் தேடினார். அடித்தட்டில் கிடந்தது. கடைசித் தேதி முத்திரை மூன்று வருஷம் பழசு. இருபத்தேழில் கோடு மட்டும்.

ஜூலை 29

சைக்கிள் கடைக்காரர் ஒருவர் செத்துப்போகிறார். மகள் கடையைக் காலி செய்ய வருகிறாள். டப்பா டப்பாவாகத் திறக்கிறாள், ஒவ்வொன்றிலும் அப்பா ஞாபகம். அவ்வளவுதான் கதை. ஒப்பாரி இல்லை, ஆறுதல் இல்லை. இவ்வளவு கொஞ்சமாக எழுதி இவ்வளவு வலிக்க வைக்க முடியுமா!

பக். 116. ஷட்டரை இறக்கிவிட்டு, யாருமில்லாத தெருவில், பூட்டிட்டேன் நைனா என்கிறாள். தினமும் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு நானும் இதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

கடையிலேயே அழுதேன். ஜாதகம் ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் பயந்துபோய், பொண்ணுக்கு எதாவது தோஷமாம்மா என்று கேட்டார். நல்ல ஜாதகம்தான் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கென்ன தெரியும்.

செல்வியை அன்றைக்கு அசிங்கப்படுத்தினேனே. தப்பு. பெரிய தப்பு.

ஜூலை 30

முடித்தேன். பென்சில் சீவி வட்டம் போட்டேன். கோணலாக விழுந்தது.

நம்பர்தான் இருக்கிறதே, போன் பண்ணு என்கிறார் இவர். முடியாது. கட் பண்ணிவிட்டால்?

ஜூலை 31

காலை பஸ், சிங்கவரம். வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை, மஞ்சள் பூ. எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. அவள் வீட்டுக்குப் போகும்வரை என்ன பேசுவதென்று நாலு விதமாகத் தயார் செய்தேன்.

செல்வி கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. தயார் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று. இருபத்தேழாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். கண்ணாடியை எடுத்துவந்து போட்டுக்கொண்டு பார்த்தாள். வட்டத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கத்துல அழுத?"

"நூத்திப் பதினாறு."

"நான் தொண்ணூறுலயே," என்றாள். "அந்த சைக்கிள் கடை ஆளு டீய ஆத்தி ஆத்திக் குடிக்கிறான் பாரு, உங்க நைனா மாரியே."