கரிசல் வெடிப்பில் விழாத வாசர்

7-5-1978, ஞாயிறு

மதுரைக்குச் சரிபார்க்க அனுப்பிய டீசல் பம்பு வந்துவிட்டது. நாளை மெக்கானிக் வேணுகோபால் வந்து என் லாரியில் மாட்டுகிறார். செவ்வாய்க்கிழமை கொல்லத்துக்குத் தீப்பெட்டி லோடு போயாக வேண்டும்.

வெயில் கொடுமை. முற்றத்து மண் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. கோழிக்குஞ்சு உள்ளே போய்விடும் என்று வீட்டுக்காரி வெயிலம்மாள் வெடிப்பின் மேல் பலகை போட்டு வைத்திருக்கிறாள். லாரி நிற்கும் இடத்தில் மட்டும் போடவில்லை.

8-5-1978, திங்கள்

பம்பு மாட்டியாயிற்று. முதல் திருகலிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். பம்பைச் சுற்றும் பல்சக்கரத்துக்கு வாசர் என்கிற இரும்பு வளையமும் நட்டும் போடுவது மட்டும் பாக்கி இருந்தது. வேணுகோபால் டீ குடிக்கப் போனார். லாரியில் கிளீனராக இருந்து மேலே வந்தவன் நான். கை சும்மா இருக்குமா? இன்ஜின் முன்பக்கத்துச் சின்ன வாய் வழியாகக் கையை விட்டேன். விரலெல்லாம் எண்ணெய். வாசர் நழுவிவிட்டது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். கீழே வெடிப்பு. போன வருஷம் தராசின் ஐம்பது கிராம் படிக்கல் இதே வெடிப்பில்தான் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. இதுவும் அங்கேதான் போயிருக்கும் என்று, டப்பாவில் இருந்த இன்னொரு வாசரைப் போட்டு இறுக்கிவிட்டேன்.

வேணுகோபால் வந்து கேட்டார்: "எல்லாம் போட்டாச்சா, அண்ணாச்சி?"

"போட்டாச்சு."

பொய் சொல்லவில்லை. ஆனாலும் இதை எழுதாமல் படுக்கப் பிடிக்கவில்லை.

9-5-1978, செவ்வாய்

காலை பதினொரு மணிக்கு வண்டி புறப்பட்டது. டிரைவர் சங்கிலிப்பாண்டி. ஒரு காலத்தில் நானும் அவனும் ஒரே முதலாளியிடம் கிளீனர்கள், ஒரே தார்ப்பாயில் படுத்தவர்கள். நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து 'முதலாளி' என்றுதான் கூப்பிடுகிறான். "முதலாளி, இஞ்சின் பாட்டுப் பாடுது, கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே போனான். தென்காசியில் மிச்ச லோடு ஏற்றிக்கொண்டு நாளை மதியம் மலை ஏறுவதாகப் பேச்சு.

வண்டி போன பிறகு தரையைப் பார்த்தேன். இன்ஜின் முன்பக்கத்திலிருந்து எண்ணெய் சொட்டிய கறை ஒரு பக்கம். வெடிப்பு அதிலிருந்து இரண்டு சாண் தள்ளி.

உருண்டு போயிருக்கலாம். போயிருக்காதா?

பழைய ரேடியோவின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வெடிப்புக்குள் இறக்கினேன். ஒரு வளைந்த ஆணி வந்தது. படிக்கல்லும் வந்தது. வாசர் வரவில்லை. கடப்பாரை எடுத்து மூன்றடி தோண்டினேன். வெயிலம்மாள் வாசலில் நின்று, "புதையலா எடுக்குதீங்க?" என்றாள். படிக்கல்லை மட்டும் கையில் கொடுத்தேன்.

மண்ணில் இல்லை என்றால் இன்ஜினுக்குள்தான் இருக்கிறது.

10-5-1978, புதன், காலை

தூங்கவில்லை. உள்ளே கிடக்கிற வாசர் ஒரு குலுக்கலில் பல்சக்கரங்களுக்கு நடுவே போனால் பல் உடையும், இன்ஜின் நின்றுபோகும். சமதரை என்றால் தள்ளி ஓரங்கட்டலாம். மலையில் ஆரியங்காவு தாண்டினால் ஒரே இறக்கம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏறாது. பின்னால் லோடு முழுக்கத் தீக்குச்சி.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியாமல் போய்விடாது. ஏதாவது ஆனால் வேணுகோபால் வேலைதான் சரியில்லை என்று ஊர் சொல்லும், என் பெயர் வராது. அந்த நினைப்பு விடியும் முன் ஒருதரம் வந்துவிட்டுப் போனது. வந்ததா? வந்தது.

தபாலாபீஸ் திறந்ததும் தென்காசி மண்டிக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினேன். "உங்க வண்டியா அண்ணாச்சி? லோடு நேத்தே முடிஞ்சிட்டு. இப்பந்தான் கிளம்பிப் போறாவ" என்றார்கள்.

வாடகைக் கார் பேசியாயிற்று. போகிற வழியில் வேணுகோபால் வீட்டில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டு, பட்டறைச் சாமான்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பஸ்ஸில் வரச் சொல்ல வேண்டும்.

அதே நாள், மாலை, செங்கோட்டை

முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக விழுகிறது.

வேணுகோபால் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே, "நீங்க சொல்லியிருந்தா நேத்தே பிரிச்சிருப்பேனே" என்றார், அவ்வளவுதான். கழுகுமலை, சங்கரன்கோவில், தென்காசி — எதிரே வந்த ஒவ்வொரு டிரைவரையும் மறித்துக் கேட்டேன். வழியில் எங்காவது கூட்டம் நின்றால் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் புகை. கரும்புத் தோகை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

புளியரை செக்போஸ்ட்டில் நீள வரிசை. மேலே யாருடைய வண்டியோ அச்சு முறிந்து பாதை அடைபட்டிருக்கிறதாம். வரிசையில் ஒன்பதாவது என் வண்டி. பாண்டி படிக்கட்டில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அமத்துடே, முதல்ல அமத்து."

அணைத்தான். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

வெள்ளரிக்காயைப் படிக்கட்டில் வைத்தான். பிறகு சொன்னான்: "ஏலே அய்யாத்துரை, என்னை விறகாக்கப் பாத்தியே. தீப்பெட்டியும் நீயே ஏத்தி விட்டுட்டே."

பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேறொரு லாரியைக் கொண்டு இழுத்து, வண்டியை இங்கே ஒரு பட்டறையில் விட்டிருக்கிறோம்.

11-5-1978, வியாழன்

வேணுகோபால் முதலில் அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டினோம். இல்லை.

வேணுகோபால் என்னைப் பார்த்தார். பாண்டியும் பார்த்தான். ஒருவேளை மண்ணில்தானோ? இவ்வளவு பேரையும் சும்மா அலைக்கழித்தேனோ? அப்படி இருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

"முன் மூடியையும் பிரிச்சிருவோம்" என்றார் வேணுகோபால். மூன்று மணி நேரம். மூடி கையோடு வந்ததும் மூன்று பேரும் தலையை நுழைத்தோம். உள்சுவரில் ஒரு சின்ன விளிம்பு, எண்ணெய்ப் பிசுக்கு. அதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வாசர். பல்சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு நகக்கன இடைவெளி. வாசரின் ஒரு ஓரம் ஓட்டத்தின் அதிர்வில் ஏற்கெனவே பல் உரசிப் பளபளவென்று இருந்தது.

பாண்டி அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். வேணுகோபால் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க முற்றத்தத் தோண்டினீங்க, அண்ணாச்சி. இது இங்கன என் பேரைத் தோண்டிக்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி.

14-5-1978, ஞாயிறு

லோடு கொல்லத்தில் இறங்கிவிட்டதாகத் தந்தி. அதன் பிறகுதான் சோறு இறங்கியது.

24-10-1978, செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. முற்றத்து வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. நான் தோண்டிய குழியில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, அதில் வெயிலம்மாளின் வாத்து.

இன்று வண்டியில் மறுபடி வேலை. வேணுகோபால் இன்ஜினைத் திறந்ததும் வாயில் கந்தலை அடைத்தார், கீழே சாக்கை விரித்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

போனேன். மூன்று டீ குடித்தேன்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்து பாண்டி ஏறி உட்கார்ந்திருந்தான். இப்போது பழையபடி 'முதலாளி'தான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் சாவியைத் திருப்பும் முன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு கேள்வி கேட்கிறான். இன்றும் கேட்டான்.

"முதலாளி, நீங்க தொட்டீங்களா?"

"தொடலைடே."

விரலில் எண்ணெய் இருக்கிறதா என்று என் கையைப் பார்த்தான்.

"அப்ப வாரேன்" என்று வண்டியைக் கிளப்பினான்.