நண்டுக்குச் செய்த பீங்கான் சங்கு

தேன்மொழி அப்பாவுக்கு,

ஆத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் வேலை முடிந்து வருவதற்குள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறோம். நேற்றிலிருந்து பேசாதவரிடம் நின்று சொல்லிக்கொண்டு போக எனக்கும் மனசு வரவில்லை. குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

தொட்டியில் இருக்கும் சங்கு நண்டுகளுக்குப் பொழுது சாய்ந்ததும் தேங்காய்த் துண்டும் உப்புப் போடாத சோறும் கொஞ்சம் வையுங்கள். தட்டில் ஊற்றும் தண்ணீரில் மட்டும் கல் உப்பைக் கரையுங்கள். மணலில் புதைந்து கிடந்தால் செத்துவிட்டதென்று தோண்டாதீர்கள். "ஆத்துல கொண்டுபோய் வுட்டுடுவேன்" என்றீர்களே, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கடலூர்க் கடற்கரையில் குழந்தை பொறுக்கியவை, ஆற்றில் பிழைக்காது.

தேன்மொழியானால் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறாள். "அப்பா மறக்காம சோறு போடுவாராம்மா?" என்று வாசலுக்கும் தொட்டிக்கும் நடக்கிறாள். எனக்கும் கால் நிலைகொள்ளவில்லை.

பழைய சங்கை விட்டு மாறிக் குடியிருக்கட்டுமென்று நீங்கள் கம்பெனியில் சுட்டுக் கொண்டுவந்த பீங்கான் சங்குக்குள் நண்டு புகுந்து புகுந்து வழுக்கி விழுந்ததே, அதற்குத்தான் அவள் சிரித்தாள். உங்களைப் பார்த்து இல்லை. அதற்குப் போய் இத்தனை கோபமா? உள்ளேயும் பளபளவென்று கிளேஸ் பூசினால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? கோப்பைக்குப் பூசிப் பூசிப் பழகிய கை. அடுத்ததில் உள்பக்கம் சொரசொரப்பாகவே விடுங்கள்.

சிவகாமசுந்தரி

கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் திறந்து இதை எழுதுகிறேன். அந்தச் சங்கை உடைத்துப் போடலாமென்று தேடாதீர்கள். என் பையில் இருக்கிறது. அண்ணியிடம் காட்ட வேண்டும்.