கிளினிக்கின் தொலைபேசி ஊமையான நாள்

அன்புள்ள மாரியாயிக்கு,

இங்கு நான் சுகம். நீயும் அத்தையும் நலந்தானே?

தைப்பிங்கில் ஓயாத மழை. நேற்று ஒரு கிளினிக்கின் தொலைபேசி திடீரென ஊமையாகிவிட்டது; பழுது பார்க்க என்னை அனுப்பினார்கள். கருவியில் கோளாறில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டே போனேன். ரம்புத்தான் மரக்கிளை முறிந்து விழுந்து அதை அறுத்திருந்தது. கம்பத்தில் ஏறி இணைத்தேன். பயப்படாதே, இடுப்பில் பெல்ட் உண்டு.

பிறகு கிளினிக்கிலிருந்தே டெலிபோன் எக்ஸ்சேஞ்சை அழைத்தேன்.

"ஏதாச்சும் பேசுங்கண்ணே, கேக்குதான்னு பாப்போம்," என்றாள் மறுமுனையில் இருந்த பெண்.

வேறொன்றும் தோன்றவில்லை. உன்னிடம் கேட்பதுபோல், "சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டேன்லா! லைன் நல்லா இருக்கு," என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நான்தான் கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பருப்புப்பொடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆபீஸுக்கு நான் போன் செய்தால் உன்னைக் கூப்பிடுவாரா என்று அங்கே கணக்கெழுதும் கிராணியிடம் கேள். ஒரு நிமிடம் போதும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
கணவன் அப்பாவு