ராஜபாய்க்குப் பின்னால் ஒரு பெயர்

ஆகஸ்ட் 6, 2025 – புதன்

புனேயிலிருந்து வந்த குடும்பம் இன்று ஆதார் காட்ட மறுத்தது. "நாங்கள் திருடர்களா?" என்று பெரியவர் இந்தியில் எகிறினார். "திருடனிடமும் ஆதார் இருக்கிறது சார்" என்றேன், என் லாட்ஜ் இந்தியில். சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். பதினோரு வருஷமாகக் கன்னியாகுமரியில் இந்த ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் அட்டையைக் காட்டாதவனுக்கு இந்த லாட்ஜ் ஜன்னலில் சூரியன் உதிக்காது.

மத்தியானம் டிராவல்ஸ் ஜெபிஷ் போன். மகள் அபினாவின் பிரசவத்துக்கு நான் ஷார்ஜா போக வேண்டும். விசா போடச் சொல்லி அவனிடம்தான் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, ஒங்க பாஸ்போர்ட்டுல சர்நேம் இல்ல பாத்துக்கிடுங்க."

"அதான் ராஜபாய்னு இருக்குல்லா."

"ஒத்தப் பேரு ஆளுக்கு விசிட் விசா கொடுக்க மாட்டாவ. பின்னால இன்னொரு பேரு வேணும்."

ஐம்பத்தாறு வருஷமாக இந்தப் பெயரைக் கூப்பிட்டால் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். அது போதாதாம்.

ஆகஸ்ட் 7 – வியாழன்

தப்பு என்னுடையதுதான். 2019-ல் சபையில் எருசலேம் பயணம் என்று கிளம்பினார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். (எருசலேமுக்குப் பதில் கொரோனா வந்தது.) ஆதாரில் 'ராஜபாய் ஜி' என்று இருக்கிறது. இனிஷியலை விரித்து எழுதணும் என்றார்கள். விரித்தால் உள்ளே ஞானசிங் உட்கார்ந்திருக்கிறார். அபினாவுக்கு எட்டு வயசாகும்போது சட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போன மனுஷன். அவரை இனிஷியலுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கணவர் பெயர் கட்டத்தையும் காலியாக விட்டேன்.

இன்று நாகர்கோவிலுக்குப் போய் ஜெபிஷைப் பார்த்தேன். "லேசான வழி, சாரோட பேரையே சர்நேமாப் போட்டிரலாம்" என்கிறான். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை – எல்லாவற்றிலும் அந்தச் சார்தான் இருக்கிறார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் வீட்டைவிட்டுப் போகவே இல்லை.

கல்யாண சர்டிபிகேட் கேட்டான். சபையில் கொடுத்ததை எடுத்துக் காட்டினேன். மணமகள் பெயர் 'ராஜம்மாள் பாய்'. யார் அவள்? என் புருஷனை எதற்குக் கட்டினாள்? அவளே வைத்துக்கொண்டிருக்கலாமே.

சர்டிபிகேட் ஒத்துப்போகாது என்றால், கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோவை ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டுமாம்.

சேர்ந்து. போட்டோ.

ஆகஸ்ட் 9 – சனி

அபினா வீடியோவில் வந்தாள். ஏழு மாத வயிறு. கால் வீங்கியிருக்கிறது. "அம்மா, அக்டோபர் இருவதுன்னு டேட் சொல்லியிருக்காவ. நீ பத்தாந் தேதிக்குள்ள வந்துரு, என்னா?" என்றாள். பதினைந்து பேருக்கு மருந்தும் ஊசியும் கொடுக்கிற நர்ஸ். தன் பிரசவம் என்றதும் குரல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "வாறேன் மக்கா" என்றேன்.

பின்னாலிருந்து மருமகன் ஸ்டெனி, "மாமி, ஏதாச்சும் லேட் ஆனா எங்கம்மா ரெடியா இருக்கா" என்றான். சம்பந்தி பாஸ்போர்ட்டில் ஏற்கனவே ஐந்து முத்திரை. சர்நேமும் இருக்கிறது. சிலருக்குக் கடவுள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

மணவாளக்குறிச்சி போனேன். ஞானசிங் அங்கே கோழிக்கடை வைத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். பத்தொன்பது வருஷம் கழித்து நேரில் பார்க்கிறேன். கையில் கத்தி, எதிரே உரித்த கோழி. என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார். அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது.

"அப்போ எம்பேரு இல்லாம ஒனக்குப் பிளேன் ஏற முடியாது?"

"ஏற முடியும். எறங்கத்தான் முடியாது."

கை கழுவி, தலை சீவி, உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அந்தச் சட்டையை இஸ்திரி போட்ட பெண் கதவோரம் நின்று எனக்குத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் துவைத்துப் போட்டிருக்கிறாளே.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோ. போட்டோக்காரர் "இன்னும் கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க" என்றார். நின்றோம். கோழி வாசனை, மேலே பவுடர் வாசனை. படம் வந்தபோது பார்த்தால், கல்யாணப் போட்டோவைவிட நன்றாக இருக்கிறோம். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பாரத்தை நீட்டினேன். பேனாவை வாங்கினார். எழுதவில்லை.

"போடுகேன். ஒண்ணே ஒண்ணு. அபினா எனக்கு ஒரு போன் போடட்டு. 'அப்பா, கையெழுத்துப் போடுங்க'ன்னு அவ வாயால கேக்கட்டு. ஒரு வார்த்த. அதுக்குமேல ஒண்ணும் வேண்டாம்."

பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 13 – புதன்

ஒரு வார்த்தைதானே? அப்படித்தானே?

ஆகஸ்ட் 16 – சனி

மூன்று நாளாகப் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அபினாவிடம் சொன்னால் உடனே போன் போடுவாள். எனக்காகப் போடுவாள். பத்தாம் வகுப்பில் மார்க் ஷீட்டோடு இவர் கடை வாசலில் போய் நின்றாள். "யாவாரம் முடிஞ்ச பொறவு வா" என்று சொல்லி அனுப்பினாராம். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவினாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து 'அப்பா' என்ற வார்த்தையை அந்தப் பிள்ளை வாயில் நான் கேட்டதில்லை.

இப்போது என் பிளேனுக்கு டிக்கெட்டாக அந்த வார்த்தையைப் பிடுங்கிக் கொடுப்பதா? வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம்? செய்ய மாட்டேன். செத்தாலும்– சரி, சாக வேண்டாம், ஷார்ஜா போக வேண்டியிருக்கிறது.

லாட்ஜ் மேனேஜர் முத்துநாயகம் அண்ணாச்சியிடம் புலம்பினேன். பல்லுக் குத்திக்கொண்டே கேட்டார்: "ஒனக்கு அப்பன் இல்லியா ராஜபாய்?"

ஜெபிஷுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அப்பா பெயரும் போடலாமாம். ஆனால் முதலில் ஆதாரை மாற்றி, பிறகு பாஸ்போர்ட்டை மாற்றி – "நாளாகும் அக்கா, பிரசவத்துக்கு முந்தி கெடைக்குமான்னு சொல்ல முடியாது."

ஆகட்டும்.

ஜோடிப் போட்டோவில் என் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டேன். நன்றாக வந்த படம், வீணாக்குவானேன்.

ஆகஸ்ட் 20 – புதன்

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பைபிள் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. ஆர். ராஜபாய், தகப்பனார் ரசலையன். கணக்கில் முப்பத்தேழு. அதைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பினேன்.

அப்பா ஒன்றும் மகான் இல்லை. கொட்டாரத்தில் சைக்கிள் கடை. சாயங்காலமானால் பஞ்சர் ஒட்டும் கை நடுங்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கப் போனபோது டீச்சர் 'ராஜம்மாள்னு எழுதட்டுமா' என்றதற்கு, "நான் வச்ச பேரு ராஜபாய். அத எழுத முடியலன்னா எனக்கு வேற பள்ளிக்கூடம் தெரியும்" என்றாராம். என் கல்யாணத்தன்று நிதானமாக இருந்திருந்தால் சபைப் புத்தகத்தையும் சரி பார்த்திருப்பார்.

ஒரு ஆணின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு ஆணின் பெயரை வைக்கிறேன், தெரிகிறது. எனக்கென்று ஒரு கட்டம் எந்தப் பாரத்திலும் இல்லை. இருக்கிற இருவரில் எனக்காகச் சண்டை போட்டவர் இவர்.

இ-சேவை மையத்தில் கைரேகை விழவில்லை. முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல். ஐந்தாவது தடவை விழுந்தது.

செப்டம்பர் 9 – செவ்வாய்

ஆதார் வந்துவிட்டது. ராஜபாய் ரசலையன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கதாகாலட்சேபக்காரி பெயர் மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 17 – புதன்

பாஸ்போர்ட் ஆபீஸ். மூன்று கவுன்டர். ஒவ்வொன்றிலும் கேட்பதற்கு முன்பே எல்லா அட்டையையும் எடுத்து நீட்டினேன். தினமும் என் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ? கடைசிக் கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்: "கணவர் பேரு போடலியா?"

"போடல."

"இருக்காங்களா?"

"இருக்காவ. நல்லா இருக்காவ. கோழிக்கடை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு டிக் அடித்தாள். பழைய பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டிக் கையில் கொடுத்தார்கள். பெரிய வருத்தமில்லை.

செப்டம்பர் 26 – வெள்ளி

போலீஸ் விசாரணை. வந்த ஏட்டு பலாப்பழ சிப்ஸ் ஒரு தட்டு காலி செய்துவிட்டு, "ஒங்க மேல கேசு ஏதும் உண்டா?" என்றார்.

"போடணும்னு நெனச்சதுண்டு. எம்மேல இல்ல."

எழுதிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 4 – சனி

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. சம்பந்தி கிளம்பிவிட்டாள். போகும் முன் போன் போட்டு, "மைனி, நீங்க வெப்ராளப்படாதீங்க, நான் பாத்துக்கிடுகேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. நான் இடித்து வைத்த பிரசவ மருந்துப் பொடியை அவளிடமே கொடுத்தனுப்பினேன். அவள் பெட்டியில் ஏறிப் பொடி போய்விட்டது. பொடிக்கு சர்நேம் கேட்கவில்லை.

அக்டோபர் 8 – புதன்

பன்னிரண்டு நாள் முந்தியே. பெண் குழந்தை. ரெண்டே முக்கால் கிலோ. இரண்டு பேரும் சுகம்.

லாட்ஜில் இருந்தேன். ஸ்டெனி அனுப்பிய வீடியோவில் சம்பந்தி கையில் குழந்தை. பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ அறைச் சாவி கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். ஆதார் வாங்கினேனா என்று நினைவில்லை.

அக்டோபர் 10 – வெள்ளி

பாஸ்போர்ட் இன்று வந்தது. இன்று! தபால்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துக் கேட்டார். போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். நல்லா வருது வாயில. எழுத மாட்டேன்.

அக்டோபர் 12 – ஞாயிறு

அபினாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜெபிஷ் ஏதோ பேச்சுவாக்கில் ஸ்டெனியிடம் சொல்லியிருக்கிறான். அழுதுகொண்டே போன்.

"ஒரு கையெழுத்துக்கு நான் கூப்பிட்டா போதும்னா ஏம்மா சொல்லல? கூப்பிட்டிருப்பேம்லா? எனக்கு வலி வந்தப்ப நீ இல்ல. ஒன்னத் தேடினேன்."

"கூப்பிட்டிருப்ப. அதான் சொல்லல."

"ஒரு வார்த்ததான அம்மா."

"ஒரு வார்த்ததான். நீயா சொல்லணும்னு தோணினா நாளைக்கே சொல்லு, நான் தடுக்க மாட்டேன். எனக்காண்டி ஒருத்தன் அத ஒங்கிட்டேருந்து வாங்கப்படாது."

மூக்கை உறிஞ்சினாள். "நீ ஒரு கிறுக்கியாக்கும்" என்றாள். குழந்தையின் வாயைப் போன் பக்கத்தில் வைத்தாள். விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது.

நான் செய்தது சரியா? அவள் வலியில் என்னைத் தேடியிருக்கிறாள். அதை எந்தத் தட்டில் வைப்பது?

அக்டோபர் 27 – திங்கள்

திருவனந்தபுரம் விமான நிலையம். கவுன்டரில் "ரசலையன், ரசலையன்" என்று கூப்பிட்டார்கள். அப்பாவை யார் கூப்பிடுவது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். முத்திரை குத்திய சத்தம் நன்றாக இருந்தது.

பிளேன் மேலே ஏறும்போது எல்லா வசனமும் மறந்துவிட்டது. 'கர்த்தாவே, கர்த்தாவே' மட்டும்.

நவம்பர் 8 – சனி, ஷார்ஜா

குழந்தை ஆன்ஸ்லினுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள். படத்தில் கண் திறந்திருக்கணும், பின்னால் வெள்ளையாக இருக்கணும், வேறு யார் கையும் தெரியக் கூடாது. தலை நிற்காத பிள்ளையை என்ன செய்வது? சோபாவில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, அதற்குள் என்னை உட்கார வைத்தார்கள். நான் துணிக்கு உள்ளிருந்து குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தேன். சம்பந்தி ஊருக்குத் திரும்பிவிட்டாள். இல்லையென்றால் அவளுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கும்.

"மாமி, வெரலு தெரியுது."

மடக்கினேன்.

"மாமி, தலையும் தெரியுது. கொஞ்சம் தாழுங்க."

ஐம்பத்தாறு வயதில் எவ்வளவு தாழ முடியும்? தாழ்ந்தேன். முட்டி அலறியது. வெளியே ஸ்டெனி போனை நீட்டிக்கொண்டு நாக்கால் சத்தம் எழுப்புகிறான். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறதாம். பக்கத்தில் அபினா லேப்டாப்பில் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"சர்நேம் என்ன போட?" என்றாள்.

"ஸ்டெனின்னு போடு" என்றான் அவன்.

டைப் அடிக்கும் சத்தம். நின்றது. மறுபடி அடித்தது.

"பேரு கட்டத்துல ஆன்ஸ்லின் அபினான்னு அடிச்சிருக்கேன். சர்நேம் ஸ்டெனி. சரியா?"

"ஒம்பேரும் வேணுமா?"

"வேணும்."

துணிக்குள் இருந்ததால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலிருந்ததே நல்லது. கையில் அந்தச் சின்னக் கழுத்து சூடாக இருந்தது. அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆ, முழிச்சிட்டா! அசையாதீங்க மாமி!"

எடுத்துவிட்டான்.