சாவிக்கொத்துச் சித்தி

2006 நவம்பர் 6, திங்கள்
காலையிலிருந்து மழை. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் முழங்கால் தண்ணீர். லெண்டிங் லைப்ரரியில் அந்த இங்கிலீஷ் மந்திரக் கதையின் ஆறாம் பாகம் வந்துவிட்டது. கடைசி பாகம், கதை இதோடு சரி. புத்தம் புதுசு, பசை வாசனை. "மொத ஆளே நீங்கதான் சார். பின்னால நாலு பேரு கீறாங்க, ஞாயித்துக்கெழம குடுத்துடுங்க" என்றார் கடைக்காரர்.

கவி இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் என் கைக்கு வந்திருக்காது. தங்கை முடித்த பிறகுதான் அண்ணனுக்கு. அவள் போய் ஒன்பது மாதம். வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம்.

அட்டை போட வேண்டும். குடை ரிப்பேர்.

7, செவ்வாய்
மறைமலை நகர் போய்த் திரும்புவதற்குள், கம்பெனி பஸ்ஸில் 80 பக்கம். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஐந்து பாகமும் கவி சொல்லிக் கேட்டதுதான். அம்மா சமைப்பாள், கவி அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்து கதை சொல்வாள். கதையில் வரும் ஆட்களுக்கு அவள் வைத்த பெயர்தான். விளக்கை அணைக்கும் மந்திரவாதி ஈ.பி.காரர். பேசும் கழுதை ஹெச்.எம். நான் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. "நீ நியூஸ் வாசிக்கிறடா." அதனால் சொல்லவில்லை. புத்தகம் வந்திருப்பதைக்கூடச் சொல்லவில்லை.

8, புதன்
இட்லி ஊற்றிக்கொண்டே அம்மா: "அந்தச் சாவிக்கொத்துச் சித்தி நல்லவளா, கெட்டவளாடா?"
யாரும்மா?
"பின்னல் பூரா சாவியா கட்டிட்டிருக்காளே. ஆத்தையே பூட்டி வெச்சவ."
அப்படி யாரும் கிடையாது என்றேன்.

பஸ்ஸில், பக்கம் 112. ஒருத்தி வருகிறாள். பின்னல் நிறைய சாவி. ஆற்றைப் பூட்டியவள். முதல் ஐந்து பாகத்திலும் இல்லாதவள். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன்.

சாயங்காலம் கேட்டேன், யார் சொன்னது என்று. "கவிதான். காலைல பால் காய்ச்சறப்போ." பால்காரர் வந்துபோனதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

10, வெள்ளி
நேற்று ஒரு சோதனை. புத்தகத்தைக் கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டு வந்தேன். இன்று காலை அடுப்பே பற்றவைக்கவில்லை. "அவ இன்னிக்கு வரலடா." நாள் முழுக்கச் சாப்பிடவில்லையாம். பாவி நான். எடுத்துவந்து சமையலறையில் பருப்பு டப்பா பக்கத்தில் வைத்தேன்.

11, சனி
அம்மா சிரித்தாள். மூன்று தோசை சாப்பிட்டாள். ஹெச்.எம்.முக்கு என்ன ஆகுமென்று தெரியுமாம், சொல்ல மாட்டாளாம். "அண்ணன்கிட்ட சொல்லிடாதன்னு சொல்லியிருக்கா." நான் இன்னும் 204இல்தான். பயமாக இருக்கிறது. அதைவிடப் பொறாமை. என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

துணி காயவில்லை. மோட்டார் ஓடவில்லை.

12, ஞாயிறு
லைப்ரரியிலிருந்து இரண்டு போன். எடுக்கவில்லை. இன்னும் 40 பக்கம் பாக்கி, வேண்டுமென்றேதான். நான் முடிக்காவிட்டால் அவளும் முடிக்க மாட்டாள் என்று ஒரு நினைப்பு.

பதினோரு மணி. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "முடிச்சிட்டாடா. ஆறு தொறந்துடுச்சாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த பாகம் எப்ப வருதுன்னு உன்னைக் கேக்கச் சொல்றா."

காலியாக இருந்த அடுப்பு மேடையைப் பார்த்தேன்.

"சொல்லேன்டா. பதில் தெரியாம மேடையை விட்டு எறங்க மாட்டாளாம்."

"விசாரிச்சுச் சொல்றேன், கவி" என்றேன்.