பிடித்துக்கொள்ளும் கையுறை

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம்தான், அதாவது யார் விசாரித்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தினமும் போனில் பேசுகிற மனிதர் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாரே என்று பதறாதே. போனை எடுத்தாலே உங்கம்மா ஸ்பீக்கர்ல போடுங்க என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். மாடிக்குப் போய்ப் பேசினால் அப்படி என்ன ரகசியம், யாருகிட்ட என்று கேட்கிறாள். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேஜையில் எரிந்துபோன தண்ணீர் மோட்டார் ஒன்று வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காயில் கம்பி சுத்தியாச்சா என்று கேட்டார். சுற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு உனக்கு எழுதுகிறேன். உன் அண்ணன் வேலை மாறியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலையைக் காட்டுகிறான், வந்ததும் தூங்குகிறான், எழுந்ததும் கிளம்புகிறான். அண்ணிக்கும் குழந்தைக்கும் சளி பிடித்து இப்போது தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். கையுறையைத் திருப்பி அனுப்பச் சொல்லி நீ எனக்கு மட்டும் அனுப்பிய செய்தியைப் படித்தேன். உங்கள் ஆராய்ச்சிக்கு உதவிய கம்பெனி விலகிக்கொண்டது, வெளியே கொடுத்த மாதிரிகளை எல்லாம் இந்த மாதத்துக்குள் திரும்ப ஒப்படைக்க வேண்டும், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். பக்குவமாகச் சொல்கிற வழக்கம் நம் வீட்டில் எவனுக்கும் இருந்ததில்லை, எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? துணியையும் கரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள் என்று வாழ்நாளெல்லாம் கடைக்கு வருகிறவர்களை மிரட்டியவன் நான். என் மகள் நூலுக்குள்ளேயே கரண்டை விட்டுப் பின்னி அவள் அம்மா கையில் மாட்டிவிட்டாள். பக்கவாதத்தில் விழுந்த வலது கை, ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காத கை, உன் கையுறையைப் போட்ட அன்றே சீப்பைப் பிடித்தது. உள்ளங்கையில் ஏதாவது பட்டால் வெள்ளி பூசிய நூல் உணர்ந்துகொள்கிறது, விரல்களின் அடியில் ஓடுகிற நூல் சூடாகிச் சுருங்கி விரல்களை மடக்குகிறது என்று நீ எனக்கு விளக்கினாய். எனக்குப் புரிந்தது. முழங்கைக்குக் கீழே கட்டுகிற பட்டை, அவள் தசை தானாக ஏதாவது முயற்சி செய்கிறதா என்று பார்ப்பதற்கு என்றாய். அதுவும் புரிந்தது. அந்தப் பட்டையில் ஒன்றுமே வரவில்லை, அம்மா கை அப்படியேதான் இருக்குப்பா, பிடிக்கிறது முழுக்க நூல்தான், இப்போதைக்குச் சொல்லாதீங்க என்று போன மாதம் சொன்னாய் பார், அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. சரிம்மா என்றேன். சரி என்று சொல்வதற்கு என்ன, வாய் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

இவளோ தன் கை திரும்பி வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். கையுறை சும்மா ஒரு துணைக்குத்தான், கொஞ்ச நாள்ல அதுவும் வேண்டியிருக்காது என்று பால்காரர் வரை சொல்லியாகிவிட்டது. போன வாரம் தெருக்கோடி வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, நான் பழையபடி தைக்கப் போறேன், உங்க பொண்ணு கவுனுக்குத் துணி குடுத்தனுப்புங்க என்று சொல்லிவிட்டாள். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி, நல்ல துணி, கட்டிலில் விரித்துவைத்து இடது கையால் தடவிக்கொண்டே இருக்கிறாள். தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுங்க என்றாள். அதையும் போட்டேன். கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது, நீ கையுறையைக் கையில் வாங்கியதும் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆட்காட்டி விரலில் ஓடுகிற நூல் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி அறுந்துவிட்டது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அறுந்த கம்பியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவள் குளிக்கப் போன நேரம் கையுறையைக் கடைக்கு எடுத்துவந்து, நுனிகளைச் சேர்த்து, ஈயத்தை உருக்கி ஒரு பொட்டு வைத்தேன். செம்பாக இருந்தால் ஜம்மென்று பிடித்திருக்கும். உன் நூல் சுருண்டு, கருகி, பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் அடித்தது. வெள்ளி வெறும் மேல்பூச்சுதான், அடியில் இருப்பது உருகக்கூடியது என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை. ஆராய்ச்சிக்காரியின் அப்பா என்று கடைவாசலில் போர்டு வைக்காத குறையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு இது வேண்டியதுதான். அன்றிலிருந்து அந்த விரல் மட்டும் மடங்குவதில்லை. என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவள் என்னைத் திட்டவில்லை, விரலைத் திட்டுகிறாள். நாலு பேரு வேலை செய்யறாங்க, இவ மட்டும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கா என்று முதலில் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. காலையில் எழுந்ததும் அந்த ஒரு விரலை மட்டும் நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று என்னைப் பார்த்து, நான்தான் சரியா முயற்சி பண்ணலையோ என்று கேட்டாள். நான்தான் பொசுக்கினேன் என்று சொன்னால், அப்போ மத்த நாலு விரல் என்று கேட்பாள். அவள் முட்டாள் இல்லை. ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அனுப்பமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. உன் வேலைக்கு ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது, உன் ஆய்வுக்கூட மேடத்திடம் நீ கைகட்டி நிற்கக்கூடாது. அது வந்த பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், சார்ஜரும் இருக்கிறது. கழற்றி உள்ளே வைத்து ஒட்டுவது எனக்கு ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீயே வந்து சொல் என்று கேட்கலாம், உனக்கு லீவு இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது. டாக்டரைச் சொல்லச் சொல்லலாம் என்று போனேன், நம்பிக்கையைக் கெடுக்காதீங்க என்று எனக்கே புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. ஆனால் பகலில் அனுப்பு, அப்போதுதான் கடையில் இருப்பேன். போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொள். ராத்திரி வரை ஆய்வுக்கூடத்திலேயே கிடக்காதே. கம்பெனி போய்விட்டதே, பணம் நின்றுவிட்டதே என்று மனதை விடாதே, நீ செய்தது சின்னக் காரியம் இல்லை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், அதற்கு இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் என்றும் உண்டு.

முடிக்கலாம் என்று பார்த்தேன், ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கையுறை வந்ததிலிருந்து டிவி பார்க்கும்போது உங்கம்மா வலது கையை என் பக்கம் நீட்டுகிறாள், நானும் என் கையைக் கொடுக்கிறேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி உட்கார்ந்ததில்லை, சிரிக்காதே. அந்தக் கையில் அவளுக்குத் தொடு உணர்ச்சி கிடையாது, நூல் இழுப்பது மட்டும் தோள்பக்கம் லேசாகத் தெரியும் என்பாள். நேற்று ராத்திரி சார்ஜ் தீர்ந்துவிட்டது. நூல் தளர்ந்தது, விரல்கள் விரிந்துவிட்டன. அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏங்க கைய விட்டுட்டீங்க என்று கேட்டாள். நான் விடவே இல்லை சுண்டெலி. என் இரண்டு கைகளுக்கும் நடுவில்தான் அவள் கை இருந்தது, இறுக்கித்தான் பிடித்திருந்தேன். வேர்த்துப்போச்சு, அதான் விட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒன்றும் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா