பின்பக்கக் கொடி

கடவுள் துணை.

என்னங்க, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? சின்னவள் என்னைக் கேட்டு அழுகிறாளா?

இங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஆளில்லா விமானம் எடுத்த வீட்டுப் படங்களைப் பார்த்து, உள்ளே இருப்பது குடும்பமா, சண்டைக்காரர்களா என்று ராணுவத்தின் கம்ப்யூட்டர் சொல்லும். அது சரியா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் மாடியில் காயும் துணியை வைத்தே சொல்லிவிடுவேன். "அக்கா, கம்ப்யூட்டருக்கே மாமியார் நீங்கதான்!" என்பாள் பக்கத்து இருக்கைப் பெண்.

போன வாரம் ஒரு மாடியில் ஆண்களின் சட்டைகள் மட்டும் காய்ந்தன. 'குடும்பம் இல்லை' என்றது கம்ப்யூட்டர். சரி என்று அழுத்தினேன். நேற்று அதே வீட்டின் படம் மறுபடி வந்தது. குண்டு விழுந்து பாதி வீடு இல்லை. பின்பக்கக் கூரை போனதால், அதன் கீழே இருந்த கொடி தெரிந்தது. அதில் சின்னச் சின்னக் கவுன்கள்.

நானும் பெண்கள் துணியைப் பின்பக்கம் மறைவாகத்தானே காயப்போடுவேன்? அப்போது அது தோன்றவில்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். "கம்ப்யூட்டரும்தானேம்மா அப்படிச் சொல்லுச்சு? போய் டீ குடிங்க" என்றார். குடித்தேன். யாரும் திட்டவில்லை, கவலைப்படாதீர்கள்.

இந்த மாத வீட்டுக் கணக்கு எழுதவில்லை. கூட்டினால் தப்பாகவே வருகிறது. என் பழைய போர்வையை அனுப்புங்கள். சாமி கும்பிடும்போது அந்த வீட்டுக்காகவும் கும்பிடுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. சின்னவளின் கவுன்களை இனி மொட்டை மாடியிலேயே காயப்போடுங்கள். பெட்டியில் இருக்கும் என் புடவைகளையும் எடுத்துப் பக்கத்தில் போடுங்கள். எல்லோர் கண்ணிலும் படட்டும்.

உங்கள் மனைவி